பதில் நோட்டீஸில் கடனை ஒப்புக்கொண்டு, எதிருரையில் அடியோடு மறுத்தால்? ஒப்புதலை எப்படிப் பயன்படுத்துவது

புரோநோட்டு_தாவா

வாதி தரப்பில் நிற்கும் வழக்கு. விவரத்தைச் சுருக்கமாகத் தருகிறேன்.

10.06.2022 தேதியிட்ட புரோநோட்டு, அசல் 6 லட்சம், 12 சதவீத வட்டி. 2024 ஜனவரியில் வாதி நோட்டீஸ். பிப்ரவரியில் பிரதிவாதியின் வக்கீல் அனுப்பிய பதில் நோட்டீஸில் இருப்பது அப்படியே: "எனது கட்சிக்காரர் தங்கள் கட்சிக்காரரிடம் ரூ.6,00,000 கடன் பெற்றது உண்மையே. அதில் ரூ.4,50,000 பல தவணைகளில் திருப்பிச் செலுத்திவிட்டார். மீதிக்குக் கால அவகாசம் கோரியிருந்த நிலையில் தங்கள் நோட்டீஸ் வந்துள்ளது." 2024 ஏப்ரலில் சார்பு நீதிமன்றத்தில் ஒ.எஸ். (அசல் வழக்கு) தாக்கல்.

எதிருரை (வழக்குக்குப் பிரதிவாதி கோர்ட்டில் தாக்கல் செய்யும் எழுத்துப் பதில்) போட்டது வேறு வக்கீல். அதில் கடனே வாங்கவில்லை, ஏலச்சீட்டுக்கு ஜாமீனாக நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன், பதில் நோட்டீஸ் முன்னாள் வக்கீல் தானாக எழுதியது, எனக்குத் தெரியாது என்று இருக்கிறது.

கேள்விகள்: பதில் நோட்டீஸ் எந்த அளவுக்குப் பிரதிவாதியைக் கட்டும்? குறைந்தபட்சம் 1.5 லட்சத்துக்காவது உரிமையியல் நடைமுறைச் சட்டம் (சி.பி.சி.) ஆர்டர் 12 ரூல் 6-ல், அதாவது ஒப்புதலை வைத்தே, உடனே டிக்ரி கேட்கலாமா? பழைய சாட்சியச் சட்டமா, பாரதிய சாக்ஷிய அதிநியமா?

பழையசட்டம்72

கடைசிக் கேள்வி எளிது. புதிய சட்டம் 1.7.2024 முதல் அமல். அதன் பிரிவு 170-ன்படி அன்று நிலுவையில் இருந்த நடவடிக்கை பழைய 1872 சட்டப்படியே நடக்கும். உங்கள் தாவா ஏப்ரலிலேயே எண்ணாகிவிட்டது என்றால் பழைய சட்டம்தான்.

ஆனாலும் வாதுரைக் குறிப்பில் இரண்டு எண்ணையும் போட்டுவிடுங்கள், யாரும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். ஒப்புதலின் வரையறை 17, புதியதில் 15. கட்சிக்காரரோ ஏஜென்டோ சொன்னது 18, புதியதில் 16. யாருக்கு எதிராக நிரூபிக்கலாம் என்பது 21, புதியதில் 19. சமரசப் பேச்சில் சொன்னது 23, புதியதில் 21. இறுதி நிரூபணம் அல்ல, ஆனால் முரண்தடையாகலாம் (சொன்னதை மாற்றிப் பேச முடியாமல் தடுக்கலாம்) என்பது 31, புதியதில் 25. ஒப்புக்கொண்ட சங்கதியை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது 58, புதியதில் 53. முந்தைய எழுத்தைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்வது 145, புதியதில் 148. சாரத்தில் பெரிய மாற்றம் கிடையாது. எண் மாறியதுதான் தலைவலி.

கீழ்க்கோர்ட்

பதில் நோட்டீஸையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள் சார். அதைவிடக் கனமான ஒப்புதல் எதிருரைக்குள்ளேயே கிடக்கிறது: கையெழுத்து என்னுடையது.

இரண்டையும் தனித்தனியாக எடை போட வேண்டும். எதிருரையில் சொன்னது இதே வழக்கின் வழக்குரையில் (இரு தரப்பும் கோர்ட்டில் தாக்கல் செய்யும் உரைகளில்) வந்த ஒப்புதல், அதாவது பிரிவு 58. அந்தச் சங்கதிக்கு வேறு நிரூபணமே வேண்டாம். பதில் நோட்டீஸ் வழக்குக்கு முன்னால், கோர்ட்டுக்கு வெளியே எழுதியது. அது பிரிவு 17, 18, 21-ல் வரும் வெறும் சாட்சிய ஒப்புதல். சாட்சியமாக உள்ளே வரும், ஆனால் தவறு என்று காட்டி அவர் விளக்கம் தரலாம். நாகின்தாஸ் ராம்தாஸ் எதிர் தல்பத்ராம் (1974) தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வழக்குரை ஒப்புதல் ஒரு படி மேலே, அதைச் செய்தவரை முழுமையாகக் கட்டும், அதை வைத்தே உரிமையைத் தீர்மானிக்கலாம். வெளியே செய்த ஒப்புதல் அப்படித் தானாகவே கட்டாது.

கையெழுத்து ஒப்புக்கொண்டால் அடுத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 118(அ), பிரதிபலன் (புரோநோட்டுக்கு ஈடான பணம்) கொடுக்கப்பட்டது என்ற அனுமானம். எதிர் தரப்பு உடனே 'கையெழுத்தைத்தான் ஒப்புக்கொண்டேன், எழுதிக்கொடுத்ததை அல்ல' என்பார்கள். அதற்கு அதே சட்டத்தின் பிரிவு 20: முத்திரைத் தீர்வைப்படி ஸ்டாம்ப் ஒட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு நிரப்பாமல் கொடுத்தால், நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் கொடுத்ததாகிறது. ஆகவே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒழுங்காக ஒட்டிக் குறுக்கே கையெழுத்து விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டியும் மார்க் செய்ய (சாட்சிய ஆவணமாகக் குறியீடு செய்ய) முடியாது. முத்திரைச் சட்டம் பிரிவு 35-ன் விதிவிலக்கு புரோநோட்டுக்குக் கிடையாது.

மேல்முறையீடு

118 அனுமானம் உடைக்கக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாரத் பேரல் எதிர் அமின்சந்த் (1999) படி பிரதிவாதி நேரடி சாட்சியம்தான் தர வேண்டும் என்றில்லை. பிரதிபலன் இருந்திருக்க வாய்ப்பில்லை என்று சூழ்நிலைகளை வைத்துக் காட்டினாலே போதும், பாரம் திரும்ப வாதியிடம் வந்துவிடும். அங்கேதான் பதில் நோட்டீஸ் வாதிக்கு உதவும். ஏலச்சீட்டு ஜாமீன் கதை உண்மையென்றால், வழக்குக்கு இரண்டு மாதம் முன்பு 'கடன் பெற்றது உண்மையே' என்று ஏன் எழுத வேண்டும்? அனுமானத்தை உடைக்க வருபவருக்கு எதிராக அந்த ஒரு வரி நிற்கும்.

புரோநோட்டு_தாவா

ஸ்டாம்ப் சரியாக இருக்கிறது. ரூல் 6 பற்றி?

மேல்முறையீடு

போடலாம் என்பேன். விதியின் வாசகமே விரிவானது. வழக்குரையிலோ வேறு வகையிலோ, வாய்மொழியாகவோ எழுத்திலோ வந்த ஒப்புதல், எந்தக் கட்டத்திலும், மனுவின் பேரிலோ கோர்ட் தானாகவோ. 'வேறு வகையிலோ' என்பதில் பதில் நோட்டீஸும் அடங்கும். உத்தம் சிங் டுகல் எதிர் யுனைடெட் பேங்க் (2000) வழக்கில் கம்பெனியின் இயக்குநர் குழு கூட்டக் குறிப்பை வைத்தே டிக்ரி கொடுத்தார்கள். ஒப்புக்கொண்ட பகுதிக்கு மட்டும் டிக்ரி பெற்று, மீதிக்கு விசாரணை நடத்தலாம். 1.5 லட்சம் கையில் வரட்டும்.

கீழ்க்கோர்ட்

வேண்டாம். ரூல் 6 'செய்யலாம்' என்றுதான் சொல்கிறது. கோர்ட்டின் விருப்புரிமை. ஹிமானி அலாய்ஸ் எதிர் டாடா ஸ்டீல் (2011) தெளிவு: ஒப்புதல் திட்டவட்டமாக, நிபந்தனையில்லாமல், தெரிந்தே செய்ததாக இருக்க வேண்டும். எதிராளியின் தற்காப்பை முழுக்கக் கேட்காமல் கொடுக்கும் தீர்ப்பு என்பதால் சந்தேகம் இருந்தால் கூடாது. எஸ்.எம்.ஆசிஃப் எதிர் வீரேந்தர் குமார் பஜாஜ் (2015) வழக்கில் வாடகை உறவு ஒப்புக்கொள்ளப்பட்டும்கூட, கிரைய ஒப்பந்தம் என்ற தற்காப்பு இருந்ததால் ரூல் 6 தீர்ப்பை ரத்து செய்தார்கள்.

இங்கே பிரதிவாதி பதில் நோட்டீஸையே 'என் பேச்சு அல்ல' என்கிறார். அது உண்மையா பொய்யா என்பது சாட்சிக் கூண்டில்தான் தீரும். மனு தள்ளுபடியானால் நீங்கள் அரசியல் சாசனம் 227-ல் சீராய்வுக்குப் போவீர்கள். அனுமதிக்கப்பட்டால் அவர் சி.பி.சி. பிரிவு 96-ல் மேல்முறையீடு போவார். எப்படியும் பிரதான வழக்கு படுத்துவிடும். 6 லட்சத் தாவாவில் 1.5 லட்சத்துக்காக இந்தச் சுற்று தேவையா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. 'பதில் நோட்டீஸின்படி 1.5 லட்சம் பாக்கி' என்று மனுவில் வாதியே பிரமாண வாக்குமூலம் கொடுத்தால், 4.5 லட்சம் வந்ததை வாதி ஒப்புக்கொண்டதாக அடுத்த வாய்தாவிலேயே எதிர் தரப்பு எழுந்து நிற்கும். மனு போடுவதென்றால் 'பிரதிவாதியின் கூற்றை வாதி ஏற்கவில்லை. அவர் கூற்றுப்படியே பார்த்தாலும் இந்தத் தொகை மறுப்பில்லாதது' என்ற வரி இல்லாமல் போடாதீர்கள்.

மேல்முறையீடு

கடைசிப் பத்தி சரி. அந்த வரியோடு போட்டால் ஆபத்தில்லை. ஆனால் இந்த வழக்கில் தள்ளுபடிக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பதை நானும் மறுக்கவில்லை.

சட்டமாணவி_3

ஒரு சந்தேகம். ஒப்புதலை முழுமையாகத்தான் எடுக்க வேண்டும், பாதியை வெட்டி எடுக்கக் கூடாது என்று படித்திருக்கிறோம். அப்படியானால் 'கடன் வாங்கினேன்' என்பதை வாதி எடுத்துக்கொண்டால் '4.5 லட்சம் திருப்பிக் கொடுத்தேன்' என்பதும் கூடவே வந்துவிடாதா?

மேல்முறையீடு

இது இந்த இழையின் மையமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு சூழலைப் பிரியுங்கள். வேறு எந்தச் சாட்சியமும் இல்லாமல், அந்த ஒப்புதலை மட்டும் வைத்து வாதி தீர்ப்புக் கேட்கிறார் என்றால் முழுதாகத்தான் எடுக்க வேண்டும். துத் நாத் பாண்டே (1986) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த அடிப்படையில்தான்: ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கக் கூடாது. ரூல் 6 மனுவும் இந்த வகை.

விசாரணை முடிந்து முழுச் சாட்சியத்தையும் எடைபோடும் இடம் வேறு. அங்கே பதில் நோட்டீஸ் முழுவதும் சாட்சியமாக உள்ளே வரும், ஆனால் அதிலுள்ள எல்லாவற்றையும் கோர்ட் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பசந்த் சிங் எதிர் ஜானகி சிங் (1967) இதைத்தான் சொல்கிறது. அங்கே இன்னொரு வழக்கின் வழக்குரையிலிருந்த கூற்றுகள் பற்றிய பேச்சு. முழுதும் சாட்சியமாக ஏற்கத்தக்கது, அதில் சிலதை ஏற்று சிலதை நிராகரிக்கக் கோர்ட்டுக்குத் தடையில்லை என்றார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். 'வாங்கினேன்' என்பது பேசியவருக்கு எதிரான கூற்று. 'கொடுத்துவிட்டேன்' என்பது அவருக்குச் சாதகமான கூற்று. சாதாரணமாக ஒருவர் தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டதை அவரே நிரூபித்துப் பயன்படுத்த முடியாது, பிரிவு 21. அது வாதி மார்க் செய்த ஆவணத்துக்குள் இருப்பதால் கோர்ட்டின் கண்ணில் படும், அவ்வளவுதான். கடனைத் தீர்த்ததாகச் சொல்பவர்தான் தீர்த்ததை நிரூபிக்க வேண்டும். வங்கிக் கணக்கு, ரசீது, புரோநோட்டின் பின்பக்க வரவு, ஏதாவது வேண்டும். தவணைத் தேதிகூட இல்லாத 'பல தவணைகளில்' என்ற சொல்லுக்கு எடை ஏது?

ஆனால் கவனியுங்கள், இவர் எதிருரையில் திருப்பிச் செலுத்திய வாதத்தையே எடுக்கவில்லை. கடனே இல்லை என்கிறார். எடுக்காத தற்காப்புக்குச் சாட்சியம் கொடுத்தாலும் அதைப் பார்க்கக் கூடாது என்பது அடிப்படை. பதில் நோட்டீஸைக் கைவிட்டதில் அவர் தற்காப்பே அவரை வெட்டிவிட்டது. எதிருரை வரைந்தவர் 'கடன் இல்லை. மாற்றாக, இருந்தது என்று கோர்ட் முடிவு செய்தாலும் 4.5 லட்சம் செலுத்தப்பட்டது' என்று மாற்று வாதமாக வைத்திருக்கலாம். எதிருரையில் முரணான தற்காப்புகளுக்கு இடம் உண்டு, பல்தேவ் சிங் எதிர் மனோகர் சிங் (2006).

வரைவாளர்

எதிருரை பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நம் ஊர் எதிருரைகளில் பாதி, மறுப்பு என்ற பெயரில் ஒப்புதல்தான். 'வழக்குரை 4-ம் பத்தியில் கண்ட சங்கதிகள் உண்மையல்ல, வாதி கண்டிப்பாக நிரூபிக்க வேண்டியது' என்ற ரப்பர் ஸ்டாம்ப் வரி ஆர்டர் 8 ரூல் 3, 4, 5-க்குப் போதாது. ஒவ்வொரு சங்கதியையும் தனியாக எடுத்து மறுக்க வேண்டும். மறுக்காததும் மழுப்பியதும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். 1964-லேயே பதாத் அண்டு கம்பெனி வழக்கில் இது தீர்ந்த விஷயம்.

பணம் சம்பந்தமான தாவாவுக்கு ரூல் 4 தனியாகவே ஒரு பொறி வைத்திருக்கிறது. '6 லட்சம் வாங்கியதாகச் சொல்வது பொய்' என்று எழுதினால் 6 லட்சம் என்ற தொகைதான் மறுக்கப்பட்டது. 5.5 லட்சம் வாங்கினாரா? அதனால் எழுத வேண்டியது: '10.06.2022 அன்றோ வேறு எந்தத் தேதியிலோ ரூ.6,00,000-ஐயோ அதில் எந்தப் பகுதியையுமோ இப்பிரதிவாதி வாதியிடம் பெறவில்லை.' ஒரு பகுதி வாங்கியிருந்தால் எவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். தேதி, இடம், தொகை, ரொக்கமா காசோலையா என்று வழக்குரையில் ஐந்து விவரம் இருந்தால் ஐந்தையும் தொட வேண்டும்.

புரோநோட்டு_தாவா சார், உங்கள் எதிருரையில் அந்த வாசகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

புரோநோட்டு_தாவா

பார்த்தேன் மேடம். 'வாதி ரூ.6,00,000 ரொக்கமாகக் கொடுத்ததாகக் கூறுவது முற்றிலும் பொய்' என்று இருக்கிறது. 'எந்தப் பகுதியும்' என்பது இல்லை. கூடுதல் பத்தியில் 'வாதியிடம் கடன் பெற வேண்டிய அவசியமே இப்பிரதிவாதிக்கு எழவில்லை' என்று வருகிறது.

வரைவாளர்

அந்தக் கூடுதல் பத்தி அவரைக் காப்பாற்றிவிடும். எதிருரையையும் முழுதாகத்தான் படிப்பார்கள். ரூல் 4-ஐ வாதுரையில் ஒரு வரி சொல்லலாம், அதன்மேல் வழக்கைக் கட்டாதீர்கள். தவிர ரூல் 5-ன் விதிவிலக்கில் கோர்ட் விரும்பினால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்பட்ட சங்கதிக்கும் நிரூபணம் கேட்கலாம். எதிருரையே தாக்கல் செய்யாத வழக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு டிக்ரி கூடாது என்பது பல்ராஜ் தனேஜா எதிர் சுனில் மதன் (1999).

கீழ்க்கோர்ட்

இனி மார்க் செய்யும் வேலை. உங்களுக்கு வந்த பதில் நோட்டீஸ் அசல் உங்கள் கையில்தான் இருக்கும். வா.சா.1-ன் (வாதி தரப்பு முதல் சாட்சியின்) நிரூபண வாக்குமூலத்தில் குறிப்பிட்டு வாதி தரப்பு ஆவணமாகவே குறியீடு செய்யுங்கள். கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதிவுத் தபால் எண், தபால் முத்திரைத் தேதி, அனுப்புநர் முகவரி எல்லாம் அதில்தான். நோட்டீஸோடு கவரையும் சேர்த்து மார்க் செய்ய வேண்டும்.

பிறகு பிரதிவாதி கூண்டில் ஏறும்போது காட்டியே ஆக வேண்டுமா? பாரத் சிங் எதிர் பாகீரதி (1966) படி, ஒழுங்காக நிரூபிக்கப்பட்ட ஒப்புதல் தானே சாட்சியம், செய்தவர் கூண்டில் ஏறினாலும் ஏறாவிட்டாலும், காட்டிக் கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஆனால் சீதாராம் பாவ் பாட்டீல் (1977) வழக்கில், கூண்டில் இருப்பவருக்கு விளக்க ஒரு வாய்ப்புக் கொடுப்பதே முறை என்றார்கள். இரண்டையும் வைத்து வாதாடுவதைவிடக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. ஐந்து நிமிட வேலை.

கேட்கும் வரிசைதான் முக்கியம். முதல் கேள்வியே 'பதில் நோட்டீஸில் கடன் வாங்கியதாகச் சொன்னீர்களா' என்று ஆரம்பித்தால் சுவரில் முட்டியதுதான். சுற்றிலும் அடைத்துவிட்டு வாருங்கள். முதலில் அவர் வாயிலிருந்து பதிவாக வேண்டிய பதில்கள் இவை:

வாதி நோட்டீஸ் எனக்குக் கிடைத்தது என்று சொன்னால் சரிதான். அதைப் படித்துப் பார்த்தேன் என்று சொன்னால் சரிதான். படித்துவிட்டு வக்கீலிடம் போனேன், புரோநோட்டு பற்றிச் சொன்னேன். அந்த வக்கீலுக்கு வேறு யாரும் என் முகவரி, என் தொழில், ஏலச்சீட்டு விவரம் சொல்லவில்லை. அந்த வக்கீல் மீது இதுவரை நான் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. பதில் நோட்டீஸை மறுத்து வாதிக்கு நான் வேறு கடிதம் அனுப்பவில்லை.

இவ்வளவும் பதிவான பிறகு ஆவணத்தைக் காட்டுங்கள். அதற்குப் பின் 'எனக்குத் தெரியாமல் எழுதிவிட்டார்' என்று அவர் சொன்னாலும் எடுபடாது. 'பதில் நோட்டீஸில் கண்டது என் அறிவுறுத்தலின்படி எழுதப்பட்டது அல்ல என்று சொன்னால் சரியல்ல' என்று டெபொசிஷனில் (பதிவான சாட்சியத்தில்) வரும் இரட்டை எதிர்மறையை மட்டும் கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். இதில் ஒரு 'அல்ல' விடுபட்டால் அர்த்தம் தலைகீழ்.

பழையசட்டம்72

முன்னாள் வக்கீலுக்குச் சம்மன் அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். கட்சிக்காரர் தனிமையில் சொன்ன அறிவுறுத்தல் பிரிவு 126-ன் பாதுகாப்பில் இருக்கிறது, புதியதில் 132. எதிர் தரப்புக்கு அனுப்புவதற்கென்றே எழுதிய நோட்டீஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால்தான் அது உள்ளே வருகிறது.

பிரதிவாதி கூண்டில் ஏறவே இல்லையென்றால் வித்யாதர் எதிர் மாணிக்ராவ் (1999): தன் கதையைத் தானே வந்து சொல்லாதவருக்கு எதிராக அனுமானம்.

வெளியே செய்த ஒப்புதலின் பலத்துக்குத் தமிழ்நாட்டு வழக்கே இருக்கிறது. திரு ஜான் எதிர் தேர்தல் அதிகாரி (1977). மாநிலங்களவை உறுப்பினருக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறந்த தேதி பற்றி அவரே முன்பு பல இடங்களில் எழுதிக் கொடுத்தது அவருக்கு எதிராக வந்தது. தெளிவான ஒப்புதல் இறுதியானது அல்ல, ஆனால் அதைச் செய்தவர் மீது பாரத்தைத் திருப்பிவிடும் என்றார்கள். தவறு என்று அவரால் காட்ட முடியவில்லை, தேர்தல் போனது. பதவி போன வழக்கு என்பதால் இந்தக் கோட்பாடு மறக்காது.

நஞ்சைபுஞ்சை

இடையில் வேறு வகைக் கேள்வி, மன்னிக்கவும். பாகப்பிரிவினை வழக்கு. தங்கை வாதி. முதல் பிரதிவாதி அண்ணன் 'வாதிக்கு நாலில் ஒரு பங்கு உண்டு' என்று எதிருரை போட்டுவிட்டார். இரண்டாவது பிரதிவாதி மறுக்கிறார். நாலாவது பங்கு இறந்துபோன சகோதரரின் மகனுடையது, அவன் மைனர். தாய் கார்டியனாக இருந்து வாதி சொல்வது சரி என்கிறார். இரண்டு பேர் ஒப்புக்கொண்டாச்சே, முதல்நிலைத் தீர்ப்பாணை (யாருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவு செய்யும் டிக்ரி) கேட்கலாமா?

கீழ்க்கோர்ட்

முதல் பிரதிவாதியின் ஒப்புதல் அவரை மட்டும் கட்டும். உடன் பிரதிவாதியைக் கட்டாது. இல்லையென்றால் வாதியும் ஒரு பிரதிவாதியும் பேசி வைத்துக்கொண்டு மூன்றாமவரின் சொத்தை எழுதி வாங்கிவிடலாமே. மைனருக்கு எதிராக ஆர்டர் 8 ரூல் 5 வேலையே செய்யாது. இயலாநிலையில் உள்ளவருக்கு எதிராக மறுக்காததை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. கார்டியன் தலையாட்டியது மைனரின் பங்கைக் குறைக்குமென்றால் கோர்ட் நிரூபணம் கேட்கும்.

அண்ணன் கூண்டில் ஏறி வாதிக்குச் சாதகமாகப் பேசினால், மறுக்கும் இரண்டாவது பிரதிவாதிக்கு அவரைக் குறுக்கு விசாரணை செய்ய உரிமை உண்டு. அதைக் கேட்டுப் பெறாமல் விட்டுவிட்டு மேல்முறையீட்டில் அழுவதுதான் வழக்கமாக நடப்பது.

எல்லாரும் ஒத்துக்கொண்ட சொத்து ஏதாவது அட்டவணையில் இருந்தால் அதற்கு மட்டும் முதல்நிலைத் தீர்ப்பாணை கேட்டுப் பாருங்கள். தகராறான ஐட்டத்துக்கு விசாரணை தொடரட்டும்.

மேல்முறையீடு

அதே குடும்ப வழக்குகளில் அடிக்கடி வருவது தகப்பனார் எழுதிய அடமானப் பத்திரத்தில் 'பிதிரார்ஜிதம்' என்ற சொல். அவர் வழியாக உரிமை கோருபவருக்கு எதிராக அது ஒப்புதலாகும், ஆனால் சொத்தில் அவருக்கு உரிமை இருந்த காலத்தில் சொன்னதாக இருக்க வேண்டும். பிரிவு 18-லேயே அந்த நிபந்தனை இருக்கிறது. 2005-ல் விற்றுவிட்டு 2010-ல் எங்கோ எழுதிக் கொடுத்தது வாங்கியவரைக் கட்டாது. ஆவணத்தின் தேதியைப் பார்க்காமல் வாசகத்தை மட்டும் படித்து ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று: ஒப்புதலால் சொத்துரிமை கைமாறாது. அம்பிகா பிரசாத் தாக்கூர் (1966). 'இது அவருடைய நிலம்தான்' என்று ஒருவர் சொன்னதால் பத்திரம் இல்லாமல் அது அவருடையதாகிவிடாது. பதிவில்லாத கூர்சீட்டை (குடும்பப் பாகப்பிரிவினைச் சீட்டை) 'எதிர் தரப்பே ஒப்புக்கொண்டார்' என்று மார்க் செய்யப் பார்ப்பவர்கள் பதிவுச் சட்டம் பிரிவு 49-ஐயும் முத்திரைச் சட்டத்தையும் ஒப்புதல் தாண்டாது என்பதை நினைவில் வையுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதில் வக்கீல் ஒப்புக்கொண்டதும் கட்டாது.

வரைவாளர்

உயிலும் அப்படித்தான். எதிருரையில் 'உயில் எழுதியது உண்மை' என்று இருந்தாலும் சான்றொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவரை விசாரிக்காமல் விடாதீர்கள். சாட்சியச் சட்டம் பிரிவு 68-ன் விதிவிலக்கு உயிலுக்குப் பொருந்தாது. ரமேஷ் வர்மா எதிர் லாஜேஷ் சக்சேனா (2017).

சட்டமாணவி_3

வாட்ஸ்அப்பில் 'மீதி ஒன்றரை லட்சம் தை மாசம் தந்துடறேன் அண்ணே' என்று வந்திருந்தால்?

பழையசட்டம்72

உள்ளடக்கம் ஒப்புதல்தான். சிக்கல் நிரூபணத்தில். பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதென்றால் சான்றிதழ் வேண்டும், அர்ஜுன் பண்டித்ராவ் (2020). பழைய சட்ட வழக்கில் 65பி(4) சான்றிதழ். 1.7.2024-க்குப் பின் போட்ட வழக்கில் பிரிவு 63(4), அட்டவணையில் உள்ள படிவம்: பகுதி அ-வை ஆவணம் தருபவரும், பகுதி ஆ-வை நிபுணரும் நிரப்பி, ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் டிஜிட்டல் கைரேகை போன்ற எண்) அது எந்த முறையில் எடுத்தது என்பதையும் எழுத வேண்டும். நிபுணர் பகுதியைக் காலியாக விட்டு வரும் சான்றிதழ்கள் அப்படியே ஆட்சேபணையில் மாட்டுகின்றன.

போனை விற்றுவிடவோ ரீசெட் செய்யவோ கூடாது. ஒரு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் முன்னும் பின்னும் உள்ள உரையாடலோடு எடுங்கள். 'அந்தச் செல் எண் என்னுடையது என்று சொன்னால் சரிதான்' என்ற ஒற்றை வரியைக் கிராஸில் வாங்கிவிட்டால் பாதித் தூரம் கடந்தாயிற்று.

புரோநோட்டு_தாவா

வாட்ஸ்அப் இல்லை. ஆனால் ஒன்று விட்டுப்போனது. பதில் நோட்டீஸின் தலைப்பில் 'உரிமைகளுக்குப் பங்கமின்றி' என்று போட்டிருக்கிறார்கள். பிரிவு 23-ஐ எடுப்பார்களோ?

மேல்முறையீடு

எடுப்பார்கள். ஆனால் அந்த முத்திரைக்கு மந்திர சக்தி இல்லை. தகராறைத் தீர்க்கும் பேச்சுவார்த்தையில், சாட்சியமாக்கக் கூடாது என்ற வெளிப்படையான நிபந்தனையிலோ, அப்படி ஓர் உடன்பாடு இருந்தது என்று ஊகிக்கும் சூழலிலோ சொன்னதுதான் 23-ல் பாதுகாக்கப்படும். உங்கள் பதில் நோட்டீஸ் சமரச முன்மொழிவா? 'இவ்வளவு வாங்கினேன், இவ்வளவு கொடுத்தேன்' என்று நடந்ததைச் சொல்கிறது. 'வழக்கைத் தவிர்க்க 2 லட்சம் தரத் தயார்' என்று இருந்திருந்தால் வேறு கதை. அவகாசம் பற்றிய வரியை மட்டும் எதிர் தரப்பு பிடித்துத் தொங்கும். கடன் வாங்கியதைச் சொல்லும் முதல் வரி தனியாக நிற்கும்.

மத்தியஸ்த மையத்திலோ லோக் அதாலத்திலோ பேசியதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மெமோவில் எழுதாதீர்கள். மோதி ராம் எதிர் அசோக் குமார் (2011) படி மத்தியஸ்தர்கூட 'சமரசம் ஏற்படவில்லை' என்பதற்கு மேல் கோர்ட்டுக்கு எழுதக் கூடாது.

பழையசட்டம்72

காலவரையறைக்கு இந்தப் பதில் நோட்டீஸ் உதவுமா என்று யாரும் கேட்கவில்லை. தாவா மூன்று வருடத்துக்குள் வந்துவிட்டதால் இங்கே தேவையில்லை. ஆனால் ஒப்புதலையும் லிமிடேஷன் சட்டம் பிரிவு 18-ன் கடன் ஏற்பையும் ஒன்றாக்கிக் குழப்புபவர்கள் அதிகம். 'வாங்கினேன், முழுதும் கட்டிவிட்டேன்' என்பது கடன் இருந்ததற்கு ஒப்புதல், ஆனால் பாக்கி இருப்பதற்கான ஏற்பு அல்ல. புதிய காலக்கெடு ஓடாது. 'மீதிக்கு அவகாசம் கொடுங்கள்' என்பது ஏற்பு, அதுவும் காலக்கெடு முடியும் முன்னால், எழுத்தில், அவரோ அதிகாரம் பெற்ற ஏஜென்டோ கையெழுத்திட்டிருந்தால். காலம் கடந்த பிறகு எழுதிக் கொடுத்தது 18-ல் வராது. கொடுக்கிறேன் என்ற வாக்குறுதியாகவே இருந்தால் ஒப்பந்தச் சட்டம் 25(3)-ல் முயலலாம்.

கீழ்க்கோர்ட்

விசாரணை ஆரம்பிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஆர்டர் 12 ரூல் 2-ல் ஆவணங்களை ஒப்புக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ், படிவம் 9, பின்னிணைப்பு சி. புரோநோட்டின் கையெழுத்து, வாதி நோட்டீஸின் அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு, பதில் நோட்டீஸ் மூன்றையும் போடுங்கள். நோட்டீஸ் சார்வான (எதிர் தரப்பிடம் சேர்ந்த) 7 நாளுக்குள் பதில் வர வேண்டும். குறிப்பாக மறுக்காவிட்டால் ரூல் 2ஏ-படி ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம். காரணமில்லாமல் மறுத்தால், வழக்கில் யார் ஜெயித்தாலும் நிரூபிக்க ஆன செலவு மறுத்தவர் தலையில். சங்கதிகளுக்கு ரூல் 4: விசாரணைத் தேதிக்கு 9 நாள் முன்பே கொடுக்க வேண்டும், சார்வானதிலிருந்து 6 நாள் அவகாசம். அதில் வரும் ஒப்புதல் அந்த வழக்குக்கு மட்டும்தான் செல்லும்.

ஆனால் நோட்டீஸில் 40 சங்கதியை அடுக்காதீர்கள். மூன்றோ நாலோ, ஒவ்வொன்றும் ஒரே வரி. 'பதில் நோட்டீஸை அனுப்பிய வக்கீலை அப்போது நான் அமர்த்தியிருந்தேன்' என்பது அதில் ஒன்றாக இருக்கட்டும்.

வரைவாளர்

இந்த நோட்டீஸ் போனதும் எதிர் தரப்பு விழித்துக்கொண்டு எதிருரையைத் திருத்த ஆர்டர் 6 ரூல் 17 மனு போடலாம். திருப்பிச் செலுத்தியதை மாற்று வாதமாகச் சேர்ப்பது பரவாயில்லை, விசாரணை தொடங்காதவரை பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடும். ஆனால் 'கையெழுத்து என்னுடையது' என்பதை எடுத்துவிட்டு 'கையெழுத்தே ஃபோர்ஜரி' என்று மாற்ற வந்தால் கடுமையாக எதிர்க்க வேண்டும். ஒப்புதலை மொத்தமாக வாபஸ் வாங்கி வாதிக்குக் கிடைத்த உரிமையைப் பறிக்கும் திருத்தம் கூடாது என்பது மோதி ஸ்பின்னிங் எதிர் லாதா ராம் (1976), அதையே ஹீராலால் எதிர் கல்யாண் மல் (1998) பின்பற்றியது. சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால், உரிய கவனம் எடுத்தும் முன்னமே கொண்டுவர முடியவில்லை என்று அவர்தான் காட்ட வேண்டும்.

அதனால் வா.சா.1 நிரூபண வாக்குமூலத்தைத் தாமதிக்காமல் தாக்கல் செய்துவிடுங்கள்.

புரோநோட்டு_தாவா

ரூல் 6 மனுவைக் கைவிடுகிறேன். ரூல் 2 நோட்டீஸ் இந்த வாரம் போகிறது. பதில் நோட்டீஸின் கவர் கேஸ் கட்டில் இருக்கிறது, தபால் முத்திரையும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அனுப்புநர் இடத்தில் வக்கீல் பெயருக்குப் பதில் அவர் ஆபீஸ் கிளார்க்கின் கையெழுத்துதான். இது பிரச்சினையா?

கீழ்க்கோர்ட்

இல்லை. கவரை எழுதுவது எல்லா ஆபீஸிலும் கிளார்க்தான். உள்ளே நோட்டீஸில் வக்கீலின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் போதும். வாதி நோட்டீஸின் தேதியைக் குறிப்பிட்டுப் பதில் எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அந்த நோட்டீஸ் பிரதிவாதிக்குத்தான் போனது, அவர் கொண்டுபோய்க் கொடுக்காமல் அந்த வக்கீலுக்கு அந்தத் தேதி தெரிந்திருக்க வழியில்லை. கிராஸில் அதைக் கேட்க மறக்காதீர்கள்.